ஏனாத்தூரில் நான் ‘பாட்டு டீச்சர்’ ஆன கதை

பிரயாணக் கட்டுரை என்றதும் ஊட்டி, கொடைக்கானல், காசி, ராமேஸ்வரம் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிய சகோதரிகள் என்னை மன்னிக்க வேண்டும். நான் போனது என் வீட்டிலிருந்து அரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் ஏனாத்தூருக்கு. பெட்டி, படுக்கை எதுவும் இல்லை. ஒரு டிபன் டப்பா, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சுருதிப் பெட்டி. அவ்வளவுதான். காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த எதையாவது அங்கே விட்டுவிட்டு வருவார்கள் இல்லையா? நானும் ஏனாத்தூரில் ஒன்றை விட்டுவிட்டு வந்தேன். அது என்னவென்று கடைசியில் சொல்கிறேன்.

எனக்குப் பிறந்த ஊர் உத்திரமேரூர். வாழ்க்கைப்பட்டது காஞ்சிபுரம். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. பாட்டு மட்டும் சிறு வயதில் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அது நலங்கு, நவராத்திரிக் கொலு, மார்கழி பஜனை என்று வருஷத்துக்குப் பத்து நாள் வெளியே வரும். பிறகு வெங்கலப் பாத்திரத்தோடு பரணுக்குப் போய்விடும்.

சென்ற ஜனவரி முதல் வாரத்தில் என் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. அவள் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

“அண்ணி, எங்க பாட்டு டீச்சர் பிரசவத்துக்குப் போயிட்டாங்க. குடியரசு தினத்துக்குப் பிள்ளைங்க சேர்ந்து பாடணும். நீங்க இருபது நாள் வந்து சொல்லிக் கொடுங்களேன்.”

“நானா? எனக்கு டீச்சர் டிரெயினிங்கா ஒண்ணா?”

“ரெண்டு பிள்ளைங்கள வளர்த்திருக்கீங்களே, அதுக்கு மேல என்ன டிரெயினிங்?”

என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, “போய்ட்டு வா. இங்கே என்னை அதட்டறதை அங்கே போய் அதட்டு” என்றார். இது எனக்குக் கிடைத்த சிபாரிசுக் கடிதம்!

பஸ் பயணம்

காலையில் இட்லி ஊற்றி, சாம்பார் வைத்து, இரண்டு டப்பா கட்டிவிட்டு, காஞ்சிபுரத்தில் டவுன் பஸ் ஏறினேன். 2021-ஆம் வருஷம் மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை அல்லவா? கண்டக்டர் கொடுக்கிற அந்தக் காசில்லாத டிக்கெட்டை வாங்கும்போது, வேலைக்குப் போகிற பெண்களோடு நானும் ஒருத்தி என்று ஒரு பெருமை. பஸ்ஸில் பாதிக்குப் பாதி கல்லூரிப் பிள்ளைகள். காஞ்சி மகா பெரியவர் பெயரால் 1993-இல் அமைந்த பல்கலைக்கழகம் ஏனாத்தூரில்தான் இருக்கிறது. பட்டும் கோயிலும் என்று இருந்த எங்கள் பக்கத்துக்கு அந்தப் படிப்பு ஒரு புது முகம் கொடுத்துவிட்டது.

ஊரை விட்டு வெளியே வந்தால் காற்றே வேறு மாதிரி இருக்கிறது. எங்கள் ஜில்லாவை ‘ஏரிகள் மாவட்டம்’ என்று சொல்வார்கள். தை பிறக்கிற சமயம். வயலில் கதிர் தலை சாய்ந்து நிற்கிறது. பனி விலகாத வரப்பில் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கிறது. காஞ்சிபுரத்தில் இருபத்தைந்து வருஷமாகக் குடியிருந்தும், கல்யாணம், ஆஸ்பத்திரி தவிர வேறு எதற்கும் இந்தப் பக்கம் வராமல் இருந்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டேன்.

தேனீ டப்பா

ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பொறுக்கிச் சேர்த்து நாற்பத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். நான் உள்ளே போனதும், “வ...ண...க்...க...ம் டீச்ச...ர்!” என்று ஒரு இழுப்பு இழுத்தார்கள் பாருங்கள், அதிலேயே ஏழு ஸ்வரமும் வந்துவிட்டது.

மின்சார சுருதிப் பெட்டியை மேஜை மேல் வைத்துத் தட்டினேன். முதல் வரிசை முழுவதும் இரண்டடி பின்னால் போயிற்று.

“டீச்சர், இன்னா டீச்சர் அது? உள்ள தேனீ வெச்சிருக்கீங்களா?”

“தேனீ இல்லப்பா, சுருதி. நாம எல்லாரும் இந்தச் சத்தத்தோட ஒட்டிக்கிட்டுப் பாடணும்.”

“கொட்டாதில்ல?”

அன்றிலிருந்து அதற்குப் பெயர் ‘தேனீ டப்பா’. மூன்றாம் நாள் பெட்டியை வீட்டில் மறந்துவிட்டேன். கைப்பேசியில் தம்பூரா நாதம் வைத்துச் சமாளித்தேன். நடுவில் என் கணவர் கூப்பிட, நாதம் நின்று போன் அலறியது. “டீச்சர், தேனீ அழுவுது!” என்று ஒரு வாண்டு கத்த, வகுப்பே உருண்டு சிரித்தது. அவர் கேட்க வந்தது, பெருங்காய டப்பா எங்கே என்று!

பாட வேண்டியது மூன்று. முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து, நடுவில் ஒரு ஒற்றுமைப் பாட்டு, முடிவில் தேசிய கீதம்.

மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட நாடக நூலில் இருக்கும் வாழ்த்துப் பாடல் அது. 1970 முதல் அரசு விழாக்களில் பாடப்படுகிறது. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாகவும் ஆகிவிட்டது. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் அதை மோகன ராகத்தில் அமைத்தார். மோகனத்தில் ஐந்தே ஸ்வரங்கள்: ச, ரி, க, ப, த. பிள்ளைகளின் வாயில் சுலபமாக உட்காரும் ராகம். பாடி முடிக்க 55 விநாடிதான். எங்கள் பிள்ளைகள் முதல் நாள் அதை 40 விநாடியில் முடித்தார்கள். காரணம், மதிய மணி அடிக்கிற நேரம்!

தேசிய கீதம் சொல்லிக் கொடுக்கும்போது இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கை தூக்கினான். முன்பல் இரண்டும் விழுந்து சிரித்தால் ஜன்னல் திறந்த மாதிரி இருப்பான்.

“டீச்சர், இதுல நெறய ஊரு வருதே, நம்ம ஊரு எங்க வருது?”

“தென்னாட்டுக்கு எல்லாம் சேர்த்து ஒரு பேர் வருது பாரு, அதுல நாமளும் இருக்கோம்.”

“ஏனாத்தூருமா?”

“ஏனாத்தூரும்தான்.”

அவ்வளவுதான்! அந்த இடம் வரும்போதெல்லாம் அவன் மட்டும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவான். ‘ஏன் இப்படிக் கத்தறே?’ என்று கேட்டால், “நம்ம ஊரு டீச்சர்!” என்பான். அவனிடம் நான் என்ன சொல்ல?

வயிற்றில் நோட்டுப் புத்தகம்

சகோதரிகளே, பிள்ளைகளுக்குப் பாட்டு என்றால் சத்தமாகக் கத்துவது என்றுதான் எண்ணம். நாமும் ‘சத்தமாப் பாடு, சத்தமாப் படி’ என்றுதானே சொல்லிப் பழக்குகிறோம்? ஒரு வாரத்தில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பனிக் காலம் வேறு.

நான் சிறு வயதில் கற்றுக்கொண்ட ஒரு முறையைச் செய்து பார்த்தேன். எல்லோரையும் வராந்தாவில் மல்லாந்து படுக்கச் சொல்லி, வயிற்றின் மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தேன். மூச்சை உள்ளே இழுத்தால் புத்தகம் மேலே எழும்ப வேண்டும். விட்டால் மெதுவாக இறங்க வேண்டும். தோளைத் தூக்கி மேல் மார்பால் இழுக்கிற மூச்சு அரை வரிக்குக்கூடக் காணாது. வயிறு எழும்ப இழுக்கிற மூச்சு ஒரு வரி முழுவதும் தாங்கும். தொண்டையை நெரிக்காமல் குரல் வரும்.

நாற்பத்திரண்டு நோட்டுப் புத்தகங்கள் படகு மாதிரி ஏறி இறங்கின. ஒரு புத்தகம் மட்டும் மிக அழகாக, மிகச் சீராக ஏறி இறங்கிற்று. ‘ஆகா, இவனல்லவா பிள்ளை!’ என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். நல்ல தூக்கம், குறட்டை வேறு! மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டு வகுப்பு வைத்தது என் தப்பு. மறுநாளிலிருந்து வகுப்பைக் காலை இடைவேளைக்குப் பின் மாற்றிக்கொண்டேன்.

தொண்டைக்கு என்று நான் செய்தது அதிகம் ஒன்றும் இல்லை. நடுநடுவே குடிக்கத் தண்ணீர். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளிக்கத் தெரிந்த பெரிய பிள்ளைகளுக்கு அது. தொண்டை கட்டியவர்களுக்கு இரண்டு நாள் பாட்டுக்கு லீவு, பேச்சுக்கும் பாதி லீவு. ரகசியம் பேசுகிற மாதிரிக் கிசுகிசுப்பதும் தொண்டைக்குச் சிரமம்தான் என்பதால் அதுவும் கூடாது. கத்திக் கத்தியே பழகிய பிள்ளைகளுக்குக் குரல் நாணில் சிறு காய்ப்புகள் வருவதுண்டு. குரல் கம்மல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தோடு நிற்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இருமலுக்குத் தேன் கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது என்பதையும் இளம் தாய்மார்கள் நினைவில் வையுங்கள்.

நான் செய்த தப்பு

இப்போது சொல்லப் போவதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கடைசி வரிசையில் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி. இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, கையில் கறுப்பு வளையல். எல்லோரும் மேலே போகும்போது அவள் குரல் மட்டும் கீழே தங்கிவிடும். கனத்த குரல். நாற்பத்தொரு குரலும் ஒரு பக்கம், அவள் ஒருத்தி ஒரு பக்கம். இரண்டு நாள் பொறுத்தேன். விழாவுக்குப் பெரியவர்கள் எல்லாம் வருவார்களே என்கிற கவலை எனக்கு. மூன்றாம் நாள் கிட்டே கூப்பிட்டு, ரொம்ப அன்பாகத்தான் சொன்னேன்:

“கண்ணு, நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்மா. சத்தம் வர வேணாம்.”

“சரி டீச்சர்” என்று தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து சொன்னபடியே செய்தாள். பாட்டும் சுத்தமாக இருந்தது. எனக்குப் பரம திருப்தி. வீட்டுக்கு வந்து கணவரிடம்கூடப் பெருமையடித்துக்கொண்டேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து போன அன்று, பள்ளிக்கூட வாசலில் ஒரு பாட்டி நின்றிருந்தார். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அந்தப் பெண்ணின் ஆயாவாம்.

“நீதான் பாட்டு டீச்சரா தாயி?”

“ஆமாங்க ஆயா.”

“எங்க பாப்பாவுக்குத் தொண்டையில எதுனா நோவா? டாக்டராண்ட காட்டணுமா?”

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. “ஏன் ஆயா?”

“அவ அம்மா கம்பெனி வேலைக்குப் போயிடுது. சாயங்காலத்துல இந்தப் பொடியன அவதான் ஏணையில போட்டு ஆட்டித் தூங்க வெப்பா. தெனமும் பாடுவா. ஒரு வாரமாப் பாட்டே காணோம். ஏணைய ஆட்டிக்கினு வாய மட்டும் இப்படி இப்படி அசைக்கிறா. இவன் ஒரே அழுகை. ஏண்டின்னு கேட்டா, ‘டீச்சர் அப்படித்தான் பாடச் சொன்னாங்க’ன்றா!”

ஆயா சத்தம் இல்லாமல் வாயை அசைத்துக் காட்டினார். பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் சிரித்துவிட்டார். எனக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது. உடனே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஏணைக்குள் அழுகிற ஒரு குழந்தை. வெளியே அதை ஆட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் வாயசைக்கிற ஒன்பது வயதுப் பெண். பள்ளிக்கூடத்து மேடைக்கு நான் போட்ட உத்தரவு வீட்டு ஏணை வரைக்கும் போய்விட்டது! பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்பதில்லை என்று புலம்புகிறோம். கேட்கிறார்கள் சகோதரிகளே. நாம் நினைப்பதைவிட அதிகமாகவே கேட்கிறார்கள்.

கரை இல்லாத புடவை

அன்றைக்கு வகுப்பை விட்டதும் அவளை மட்டும் நிறுத்திக்கொண்டேன். மன்னிப்பு கேட்டால் அவளுக்குப் புரியுமா என்று தெரியவில்லை. அதனால், “தம்பிக்குப் பாடுவியே, அதை எனக்குப் பாடு” என்றேன். தரையைப் பார்த்தாள், வளையலைப் பார்த்தாள், தேனீ டப்பாவைப் பார்த்தாள். “அத்த நிறுத்துங்க டீச்சர்” என்றாள். நிறுத்தினேன்.

பாடினாள். ஒரு இடத்தில்கூடச் சுதி விலகவில்லை! கனமான, குளிர்ந்த குரல். பானைத் தண்ணீர் மாதிரி. நான் மெதுவாகச் சுருதிப் பெட்டியைத் திருகிப் பார்த்தேன். அவள் பாடுவது நாலு கட்டைக்கு இருந்தது. நான் எல்லோரையும் பாட வைத்தது என் வசதிக்கு, அஞ்சரைக் கட்டையில்! அவளால் மேலே எட்ட முடியவில்லை. எட்டாதவள் கீழே நின்றுவிட்டாள். தப்பு அவள் தொண்டையில் இல்லை, என் பெட்டியில் இருந்தது.

மறுநாள் எல்லோருக்குமே சுருதியை இறக்கினேன். என்ன ஆச்சரியம்! அவள் மட்டுமல்ல, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் அமைதியாகப் பாட ஆரம்பித்தார்கள். ‘நம்ம ஊரு’ பையன் மட்டும் விதிவிலக்கு. அது தேசபக்தி, சுருதியில் அடங்காது.

எம்.பி. சீனிவாசன் என்றொரு இசையமைப்பாளர் இருந்தார். 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கியவர். பாரதி பாடல்களைப் பல குரல்களாகப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்படி பாட வைத்தவர். பள்ளிப் பிள்ளைகளுக்கும் சேர்ந்து பாடக் கற்றுக்கொடுத்தவர். 1988-இல் லட்சத்தீவில் காலமானார். நம் சங்கீதத்தில் ஒருவர் பாட மற்றவர்கள் கேட்பதுதான் அதிகம். மேல் குரலுக்கு ஒரு வரி, கீழ்க் குரலுக்கு ஒரு வரி என்று பிரித்துக் கொடுத்தால் எல்லோருக்கும் இடம் உண்டு என்பது சேர்ந்திசையின் சூட்சுமம். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் என் புத்திக்கு எட்டவில்லையே!

ஒற்றுமைப் பாட்டில் அந்தப் பெண்ணுக்கும் இன்னும் நாலு கனத்த குரல்காரர்களுக்கும் கீழே நின்று இழுக்கிற ஒரு பகுதியைக் கொடுத்தேன். ஒரு சிறுமி கேட்டாள், “அவங்க மட்டும் ஏன் டீச்சர் வேற மாதிரி பாடுறாங்க?”

நான் பதில் யோசிப்பதற்குள், தறி வீட்டுப் பையன் ஒருவன் சொன்னான், “ஏய், அது கரை. புடவைக்கு உடம்பு வேற கலரு, கரை வேற கலரு. ரெண்டையும் கோர்வை போட்டுச் சேக்கணும். எங்கப்பா அப்படித்தான் நெய்வாரு.”

காஞ்சிப் பட்டின் பெருமையே அந்தக் கோர்வைதானே! உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா என்று மூன்று நாடா ஓட்டி, துணைக்கு ஒரு ஆள் உட்கார்ந்து, இழைக்கு இழை கோத்து நெய்வார்கள். இருபத்தைந்து வருஷமாகப் பட்டு விற்கிற ஊரில் இருக்கும் எனக்கு அது தோன்றவில்லை. எட்டு வயதுப் பையனுக்குத் தோன்றியது.

பானையும் ஓலையும்

அடுத்த சிக்கல், முன் வரிசை. மைக்குக்குப் பக்கத்தில் ஆறு பேர்தான் நிற்க முடியும். யார் நிற்பது? ஒரு அப்பா வந்து, “எங்க பையன் முன்னாடி நின்னாத்தான் போட்டோ எடுக்க வசதி” என்றார். இன்னொரு அம்மா, புதுப் பாவாடை எடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

எனக்கு என் பிறந்த ஊர் கைகொடுத்தது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்லும் கல்வெட்டுகள் அவை. ஊரில் முப்பது குடும்புகள். தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, எதுவும் அறியாத ஒரு சிறு பிள்ளையை விட்டு ஓலை எடுக்கச் சொல்வார்கள். அதைத்தான் குடவோலை முறை என்கிறோம். கணக்குக் காட்டாதவருக்கு அதில் இடமே கிடையாது. நம்மைப் போன்ற பெண்களுக்கும் அன்றைக்கு இடமில்லை என்பது வேறு விஷயம். இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டமே வந்துவிட்டது!

பொங்கல் பானை ஒன்று கொண்டுவரச் செய்து, நாற்பத்திரண்டு சீட்டு எழுதிப் போட்டோம். ‘எதுவும் அறியாத பிள்ளை’க்கு யு.கே.ஜி.யிலிருந்து ஒரு குட்டியை அழைத்து வந்தார்கள். கையை விட்டு முதல் சீட்டை எடுத்தாள். எடுத்தவள் வாயில் போட்டுக்கொண்டாள்! சோழர் காலத்தில் இப்படி நடந்திருந்தால் என்ன செய்திருப்பார்களோ! வாயைத் திறக்க வைத்து, சீட்டைப் பிடுங்கி, துடைத்துப் படித்தோம். போட்டோ எடுக்க வசதி கேட்டாரே, அவர் பிள்ளையின் பெயர் வரவே இல்லை. அப்பா முகம் வாடியது. பையனுக்கோ ஒரே சந்தோஷம். பின் வரிசையில் நின்றால் பக்கத்துப் பையனோடு விளையாடலாமே!

கதையாக இருந்தால் என் இரட்டைச் சடைக்காரி பெயர் முதல் சீட்டில் வந்திருக்கும். வரவில்லை. அவள் கடைசி வரிசையிலேயே நின்றாள்.

இருபத்தாறாம் தேதி

ஜனவரி 26. கொடி ஏற்றினார்கள். கொடியிலிருந்து பூ உதிர்ந்ததும் எங்கள் வரிசை கலைந்தது. பூ பொறுக்க ஓடிவிட்டார்கள். மறுபடி வரிசையில் நிறுத்தி, தேனீ டப்பாவைத் தட்டினேன்.

தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடியில் சரியாக முடிந்தது. ஒற்றுமைப் பாட்டில் இரண்டாவது அடி வந்தபோது மைக் ‘கொய்ங்’ என்று கத்திவிட்டு உயிரை விட்டது. குடவோலையில் வந்த ஆறு பேரும் மைக்கைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், பாட்டை நிறுத்திவிட்டார்கள். மைக் போனால் பாட்டும் போயிற்று என்று அவர்களுக்கு நினைப்பு.

பின் வரிசைக்கு ஏது மைக்? அது போனது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அவர்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தார்கள். கனமாக, குளிர்ச்சியாக, கரைக்காரர்கள் இழுத்த இழுப்பைப் பிடித்துக்கொண்டு நடு வரிசை சேர்ந்தது. பிறகு முன் வரிசையும் அசடு வழியச் சேர்ந்துகொண்டது. மைக் இல்லாமலே மைதானத்து வேப்பமரம் வரைக்கும் கேட்டது.

முடிவில் தேசிய கீதம். 1919-இல் ரவீந்திரநாத் தாகூர் ஆந்திராவில் உள்ள மதனப்பள்ளிக்கு வந்திருந்தபோது, அங்கே கல்லூரி முதல்வரின் மனைவியாக இருந்த மார்கரெட் கசின்ஸ் அம்மையார்தான் அந்தக் கீதத்தின் மெட்டுக்கு ஸ்வரக் குறிப்பு எழுதினார். இந்தியப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கீதம் கடைசியில் நாடு முழுவதற்கும் சொந்தமாகி, 1950-ஆம் வருஷம் ஜனவரி 24-இல் தேசிய கீதமாயிற்று. நினைக்க நினைக்க எனக்கு மெய் சிலிர்த்தது. நம் பல் விழுந்த பையன் ‘நம்ம ஊரு’ இடத்தில் கத்திய கத்தலில் சிலிர்ப்பு கலைந்து சிரிப்பு வந்துவிட்டது. நல்ல வேளை, யாரும் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்து மிட்டாய் கொடுக்கும்போது ஆயாவைத் தேடிப் போனேன். குழந்தை தோளில் சாய்ந்திருந்தான்.

“பாட்டு எப்படி ஆயா?”

“நல்லாருந்துது தாயி. பாரு, தூங்கிட்டான்.”

எனக்கு நிறைய பேர் கை கொடுத்தார்கள். ஒரு சால்வைகூடப் போர்த்தினார்கள். ஆனால் இதற்கு ஈடான சர்ட்டிபிகேட் எனக்கு இனிமேல் கிடைக்கப் போவதில்லை.

இரட்டைச் சடைக்காரி பஸ் ஏறும் இடம் வரைக்கும் கூட வந்தாள். “மறுபடி எப்ப டீச்சர் வருவீங்க?” என்றாள். “உங்க டீச்சர் வந்துடுவாங்கம்மா.” “அப்ப தேனீ?” “அதுவும் என் கூட வந்துடும்.” கொஞ்சம் யோசித்தாள். “தேனீ இல்லாமயே எனக்குப் பாட வரும் டீச்சர்” என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாளாம்!

வீட்டுக்கு வந்தேன். கணவர் கொல்லையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார். பாடினார் என்று சொன்னால் அந்தப் பாட்டு கோபித்துக்கொள்ளும். இருபத்தைந்து வருஷமாக இந்தச் சமயத்தில் நான் சமையலறை ஜன்னல் வழியாக “உஷ்! அக்கம் பக்கம் சிரிக்கும்” என்பேன். அவரும் அடங்கிவிடுவார்.

அன்று ஜன்னல் கிட்டே போனேன். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவரே திரும்பிப் பார்த்து, “என்ன, உடம்பு சரியில்லையா?” என்றார்.

ஏனாத்தூரில் எதை விட்டுவிட்டு வந்தேன் என்று இப்போது தெரிந்திருக்குமே? அந்த ‘உஷ்’ஷைத்தான்.